வெள்ளையடிக்க எடுத்த பெஞ்சுகள்

அன்பான உறவினர்களுக்கும் சபையாருக்கும் மூத்த மகளாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. எங்கள் அப்பா கர்த்தருக்குள் உறங்கி ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலரில் அப்பாவின் வாழ்க்கையை நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். "நல்லத மட்டும் எழுதுக்கா, படிக்கறவங்க மனசு நோகக் கூடாது" என்றும் சொன்னான். அவன் சொன்னபடி மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் வந்தது யாரோ ஒரு போதகரைப் பற்றிய அறிக்கையாக இருந்ததே தவிர, அதில் அப்பா இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வந்து கால் கடுக்க உட்கார்ந்து எழுதுவதால் எழுத்திலும் அலுப்பு தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். உயர்நிலைப் பள்ளிக்காக மிஷன் விடுதியில் சேர்த்தார்கள். படிப்பு முடிகிற வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றார். வீட்டில் யாரும் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. அவருடைய தட்டையும் பாயையும் மட்டும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு நாள் அங்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் பையோடு பஸ் ஏறினார். அந்தக் கதையை அப்பா எங்களுக்குச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அதற்குப் பிறகு வேதசாஸ்திரப் படிப்பு, வேலூர்ப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண்ணான அம்மாவோடு திருமணம், பஸ்ஸே போகாத ஊர்களில் ஊழியம். சபை வழக்கப்படி போதகரான அப்பா எல்லோருக்கும் 'ஐயர்' ஆனார். பிரசங்கத்தில் அப்பா சுமார்தான், சொல்லிவிடுகிறேன். குரல் எடுபடாது, ஒரு விஷயத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் பெண்களுக்கு அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆனால் வீடு வீடாகப் போவதில் அவருக்கு நிகராக நான் யாரையும் பார்த்ததில்லை. சைக்கிளை எடுத்தால் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் திரும்புவார்.

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்தது. ஊரார் வேதக்கோயில் என்று சொல்லும் நம் ஆலயத்துக்கு அப்போது பழைய குடும்பங்கள் ஒரு இரண்டு டஜன் வந்துகொண்டிருந்தன. ஆலயத்தின் முன்பக்கம் எட்டுத் தேக்கு பெஞ்சுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அதைக் கொடுத்த குடும்பத்தின் பெயர் செதுக்கியிருக்கும். அந்தக் குடும்பத்தார் மட்டுமே அதில் உட்காருவார்கள். மற்றவர்களுக்குப் பின்னால் பாய். பெஞ்சு கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டதால் எட்டு பெஞ்சில் ஐந்து காலியாகத்தான் கிடக்கும். இருந்தாலும் அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்படித் தெரியாமல், அல்லது தெரிந்தும் வேறு வழியில்லாமல், ஒருத்தி உட்கார்ந்தாள். அவள் முனியம்மா அக்கா. கீழ்பென்னாத்தூர் சாலையில் உள்ள காலனியிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவள். அவளுடைய கைக்குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்தார். குழந்தை தேறியதும் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தாள். பாயில் இடமில்லை. பாய்க்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சின் காலி ஓரத்தில் குழந்தையைப் படுக்க வைத்துத் தானும் அமர்ந்தாள்.

அதே பெஞ்சில் மறு ஓரத்தில் ஹெட்மாஸ்டர் ஐயா இருந்தார். நம் சபையின் மூத்த மூப்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அது அவருடைய தாத்தா கொடுத்த பெஞ்சு. அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, அவர் நின்றுகொண்டே இருந்தார். மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனியம்மா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை வாரிக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து அப்பா அவளைத் தேடி வெளியே ஓடினார். "எங்க குந்தணும்னு எங்களுக்குத் தெரியாதாங்கய்யா? புள்ளைக்கு ஜொரம் வுட்டு ரெண்டு நாள்தான் ஆவுது. தரை சில்லுனு கீதேன்னு வெச்சேன். தப்பா நெனைக்காதீங்க" என்று அவள்தான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்று மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். கூடவே காலனியில் இன்னும் நான்கு வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்தாள். வருடம் திரும்புவதற்குள் பாய் நிரம்பி வாசற்படி நிரம்பி வேப்பமரத்தடிக்கும் ஜனங்கள் வந்துவிட்டார்கள். யாருடைய பெயரையும் அப்பா மாற்றச் சொன்னதில்லை. தன் பெயரை மாற்றியபோது வீட்டார் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை என்பார். முனியம்மா முனியம்மாவாகவே ஞானஸ்நானம் பெற்றாள். அதுவும் சிலருக்குப் பிடிக்கவில்லை.

பெஞ்சு விஷயத்தை அப்பா சபைக் கமிட்டியில் எடுத்தார். ஒரு தடவையல்ல, இரண்டு வருடம் எடுத்தார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்பார்கள். அடுத்த கூட்டத்தில், இது முன்னோர் கொடுத்தது, எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பார்கள். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. சுத்தம், பழக்கம், மரியாதை என்று என்னென்னவோ சொன்னார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அப்பா செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்துவிடுவார். ஐம்பது வயதுகூட ஆகாதவர் அப்போதே கிழவராகிக்கொண்டிருந்தார்.

இனி எழுதப்போவதுதான் தம்பி எழுத வேண்டாம் என்றது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது வழக்கம். பெஞ்சுகளை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். வேலை முடிந்ததும் அந்தந்தக் குடும்பத்து ஆண்கள் வந்து தங்கள் பெஞ்சைத் தாங்களே தூக்கி உள்ளே போடுவார்கள். அந்த வருடம் அவர்கள் வருவதற்கு முன்பே அப்பா எட்டு பெஞ்சையும் டயர் வண்டியில் ஏற்றி, வெளியூரில் இருந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். கேட்டவர்களிடம், "காலெல்லாம் ஆடுது, தச்சர்கிட்ட குடுத்திருக்கு, பாலிஷ் போட்டு வந்துரும்" என்றார். ஆலயம் முழுக்கப் பாய் விரித்தார்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையை நான் என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். சுண்ணாம்பு வாசனை போகாத ஆலயத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். எது முன், எது பின் என்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் ஐயாவின் மனைவி பாட்டுப் புத்தகத்தைத் தனக்கும் முனியம்மா அக்காவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த அம்மா ஒவ்வொரு அடியையும் முன்கூட்டியே காதருகில் சொல்ல, அவள் உரக்கப் பாடினாள்.

ஜனவரியில் பெஞ்சு எங்கே என்று கேட்டார்கள். "இன்னும் ஒரு வாரம்" என்றார் அப்பா. பிப்ரவரியிலும் இன்னும் ஒரு வாரம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் வந்தது, தச்சருக்கு உடம்பு சரியில்லை என்றார். எனக்கும் அம்மாவுக்கும் உண்மை தெரியும்.

"ஆராதனை நடத்தற வாயால பொய் சொல்றீங்க" என்றார் அம்மா.

"பொய் இல்ல, தள்ளிப் போடறேன். பழகிட்டாங்கன்னா அப்பறம் அவங்களே கேக்க மாட்டாங்க."

"அவங்க கேக்க மாட்டாங்க. கேக்க வேண்டியவரு மேல இருக்காரு, கேப்பாரே."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அப்பாவின் கணக்கு பாதி சரியாகத்தான் இருந்தது. ஜனங்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஐயாவுக்கு இரண்டு முட்டியிலும் வாதம். உட்காரும்போதும் எழும்போதும் பல்லைக் கடித்துக்கொள்வார். அப்படியிருந்தும் ஒரு வாரம் தவறாமல் வந்து தரையில் உட்கார்ந்தார். ஈஸ்டருக்குப் பிறகு ஏதோ தேர்வு வேலையாக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். வகுப்பறையில் பிள்ளைகள் அவருடைய தாத்தாவின் பெயர்மேல் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"பெஞ்ச எடுத்துட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் ஐயரே. சண்ட போட்டுட்டு, வேற வழியில்லாம பாயில ஒக்காந்திருப்பேன். நாலு மாசமா முட்டி வலியோட குந்திகினு இருந்தேன், இன்னும் ஒரு வாரம்னு நீங்க சொன்னத நம்பி. அந்தக் காலனி ஜனங்களோட ஒக்கார வெச்சீங்க, அதுக்காக நான் போவல. என்ன சின்னப்புள்ள மாதிரி ஏமாத்தினீங்க. இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"சார்..." என்று அப்பா எழுந்தார். அதற்குள் ஹெட்மாஸ்டர் ஐயா தெருவில் இறங்கிவிட்டார்.

அவரோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் நின்றுபோயின. அவர் சொன்னது உண்மைக் காரணமா, சாக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சாக்கு என்றேன். அப்பா உண்மை என்றே எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து கீழே இறங்கி, பாய்மேல் நின்று, "பெஞ்சு வராது. எல்லாருக்கும் பாய்தான், அதுல மாற்றம் இல்ல. ஆனா நான் பொய் சொன்னேன். அதுக்கு உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்" என்று சொல்லிக் கைகூப்பினார். கேட்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

முனியம்மா அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். "எங்களாலதானே இவ்ளோ. நாங்க பழையபடி படிக்கட்டுலயே குந்திக்கறோம், அவங்கள வரச் சொல்லுங்கய்யா" என்றாள். அப்பா ஒரு பெண்ணிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அத மட்டும் சொல்லாதம்மா. தப்பு பண்ணது நானு. அதுக்கு நீ எதுக்கு எழுந்து போவணும்?"

அதன் பிறகு சபை வளர்ந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். பக்கவாட்டில் கொட்டகை போட்டது, கிராமங்களில் ஜெபக்கூட்டம் தொடங்கியது, பெண்கள் கமிட்டிக்குள் வந்தது, எல்லாம் அடுத்து வந்த சில வருடங்களில்தான். தீபத்துக்குக் கூட்டம் வரும் நாட்களில் ஆலய கேட்டைப் பூட்டி வைப்பது முந்தைய வழக்கம். அப்பா அதைத் திறந்துவிட்டு, மலை சுற்றி வருகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் சேந்திக் குடித்து மர நிழலில் படுத்து எழுந்து போகட்டும் என்றார். மேலிடத்திலிருந்து வந்த ஐயர்மார்கள் ஆலயம் நிரம்பி வழிவதைப் பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும், "மூணு வீடு கம்மி" என்பார் அப்பா.

அந்த வளர்ச்சி எங்கள் வீட்டுக்குள் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். கிராமத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் பசியோடு திரும்பக் கூடாது என்று அம்மா ஞாயிறுதோறும் அண்டா நிறையச் சோறு வடித்தார். வடித்து வடித்து அவருடைய இடுப்பு போனது. எனக்கு வந்துகொண்டிருந்த வரன்கள் நின்றன. பழைய குடும்பங்களின் உறவுக்குள்தான் அவை வர வேண்டும்; "அந்த ஐயர் வீட்டுல எல்லாரும் பொழங்கறாங்களாமே" என்று விசாரித்துவிட்டு வராமல் போனார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மூன்று குடும்பங்கள்மேல் வந்தது, முக்கியமாக ஹெட்மாஸ்டர் ஐயாமேல். அதை மறைக்க விரும்பவில்லை.

அப்பாவுக்கு அந்த ஆத்திரமே இல்லை. வியாழக்கிழமைதோறும் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போவார். ஐயா பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அவர் மனைவி காபி கொடுப்பார். அப்பா குடித்துவிட்டு, ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு, "வரேன் சார்" என்று சொல்லித் திரும்புவார். பேப்பர் இறங்காது. எட்டு வருடம் இப்படி. "எதுக்குப்பா போறீங்க, அவமானமா இல்லையா?" என்று கேட்டேன். "போவாம இருந்தா அவரு ஜெயிச்சதா ஆயிடும், நானும் தோத்ததா ஆயிடும். போனா ரெண்டும் இல்ல" என்றார். சொல்லும்போது அவர் குரலில் தெம்பு இல்லை. வெயிலில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்த களைப்புதான் இருந்தது.

ஓய்வு பெற்றபின் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சர்க்கரை அப்பாவின் காலைப் பிடித்தது. ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதம் புண்ணானது. வியாழக்கிழமை நடை நின்றது. கடைசியாக ஒருநாள் காலையில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "ஹெட்மாஸ்டர ஒரு தடவ வரச் சொல்லும்மா. என்னால போவ முடியல. நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

நான் கிளம்பிப் போனேன். அவர் தெருமுனை வரைக்கும் போனேன். வாசலில் சாய்வு நாற்காலியில் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பேப்பரைப் பார்த்ததும் எனக்கு எட்டு வருடமும் தொண்டைக்கு வந்துவிட்டது. இவரிடம் போய் நான் எதற்குக் கையேந்த வேண்டும் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். மருந்துக் கடையில் பஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேம்பா."

"இன்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

அப்பா தலையாட்டினார். "முட்டி வலி அவருக்கு ஜாஸ்தி. மெதுவாதான் வருவாரு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் சலவைச் சட்டை போட்டுவிடச் சொன்னார். சாலையில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்வார். பக்கத்து வீடுகளுக்கு வரும் வெள்ளைக்காரர்கள்தான் இறங்கிப் போவார்கள். நாளைக்குப் போய் உண்மையாகவே கூப்பிட்டுவிடலாம் என்று நானும் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம், அந்தச் சலவைச் சட்டையோடு, அப்பா போய்விட்டார்.

அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்தவர் ஹெட்மாஸ்டர் ஐயா. தடியை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார். முனியம்மா அக்கா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் அவளைப் பார்த்து, "நல்லாகிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கெழம வர்றது நின்னதுல இருந்து எனக்கு ஒரு மாதிரியாதாம்மா இருந்துது. ஒடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன். எட்டு வருசம் மூஞ்சி குடுக்காதவன், எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றதுன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

"ஆமாங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பணம் வாங்காமல் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், என் டியூட்டியைத் தாங்கள் பார்த்துக்கொண்ட சக செவிலியர்களுக்கும், முறை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய முனியம்மா அக்காவுக்கும் காலனி சகோதரிகளுக்கும், பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்த சபைப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஹெட்மாஸ்டர் ஐயா, உங்களுக்கு இந்த மலரைத் தபாலில் அனுப்பவில்லை. நானே கொண்டுவருகிறேன். அப்பா உங்களைக் கூப்பிட்டார். நான்தான் வந்து சொல்லவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று நம்பிக்கொண்டேதான் அவர் போனார். இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் வாசலில் நிற்கிறேன்.